எழுதியது திரும்பிவரும் தொழில்: ஐரோப்பிய அரசமைப்புச் சட்டப் பேராசிரியர்கள் உருவாகும் விதம்

1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலத்தில் டீட்டர் கொன்ராட் என்ற ஜெர்மானியர் ஓர் உரை நிகழ்த்தினார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் சட்டப் பிரிவைச் சேர்ந்தவர் அவர். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு, எழுதப்படாவிட்டாலும் உள்ளூர ஓர் எல்லை உண்டா என்பதே அவருடைய பொருள். உச்ச நீதிமன்றம் இதுவரை மிகக் கடுமையான திருத்தம் எதையும் சந்திக்கவில்லை என்றும், அத்தகைய நிலைமைகளை முன்கூட்டியே எண்ணிப்பார்ப்பது சட்ட அறிஞரின் கடமை என்றும் சொல்லிவிட்டு, அவர் சில கற்பனைத் திருத்தங்களை அவையின் முன் வைத்தார். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை இருந்தால் முதல் பிரிவைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று இரண்டாகப் பிரித்துவிடலாமா? தன் பெரும்பான்மை கரைவதைக் காணும் ஆளுங்கட்சி, திருத்தும் அதிகாரத்தையே பிரதமரின் ஆலோசனைப்படி நடக்கும் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்துவிடலாமா? மொகலாயப் பேரரசரின் ஆட்சியை மீண்டும் கொண்டுவரலாமா?

பிரிவினைப் பரப்புரைக்குத் தடை போட்ட பதினாறாவது திருத்தம் நிறைவேறி அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வாரங்களில் சென்னை மாநிலம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஆகவே முதல் கேள்வி ஏட்டுக் கேள்வியாக மட்டும் ஒலித்திருக்க வாய்ப்பில்லை.

அந்த உரை வழக்கறிஞர் எம். கே. நம்பியாரின் கைக்குப் போயிற்று. 1967இல் கோலக்நாத் வழக்கில் அவர் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். தலைமை நீதிபதி சுப்பா ராவின் பெரும்பான்மைத் தீர்ப்பு, வாதத்தில் வலு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, முடிவு சொல்லாமல் விட்டது. கொன்ராட் தம் கருத்தை விரித்து ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். அது வெளியான இடம் சென்னை. போலந்து மரபினரான சார்லஸ் அலெக்ஸாண்ட்ரோவிச் 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டப் பேராசிரியராக இருந்தபோது தொடங்கிய ஆண்டிதழ் அது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்தபோது, தராசைச் சாய்த்த நீதிபதி எச். ஆர். கன்னா அந்தக் கட்டுரையிலிருந்து மேற்கோள் காட்டினார். திருத்தும் அமைப்பின் அதிகாரம் சொல்லளவில் எவ்வளவு வரம்பற்றதாக இருந்தாலும், தன்னைத் தாங்கி நிற்கும் தூண்களை அது தானே மாற்ற முடியாது என்பது அந்த மேற்கோளின் சாரம். அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளைத் திருத்தத்தாலும் அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு இந்தியச் சட்டமாயிற்று.

இந்தக் கதையை இந்தியச் சட்ட வரலாறாகவே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் குறைவு. வெளிநாட்டுச் சட்டப் புலம் ஒன்றில் நின்றுகொண்டு அரசமைப்பின் அழிவைக் கற்பனை செய்து பார்க்கும் துணிவை ஒருவருக்குக் கொடுக்கும் தொழில் எது, அதற்குள் ஒருவர் எப்படி நுழைகிறார், நுழைந்தவரின் எழுத்துக்கு அவ்வளவு எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகளுக்கு விடை தேட ஜெர்மனியே சிறந்த இடம். ஐரோப்பிய அரசமைப்புச் சட்டப் படிப்பு பல நாடுகளில் வளர்ந்த ஒன்றுதான். ஆயினும் பேராசிரியர் என்ற மனிதர் அரசமைப்பின் இயந்திரத்துக்குள் இவ்வளவு ஆழமாகப் பொருத்தப்பட்ட நாடு வேறொன்றைச் சொல்வது கடினம்.

பாதையின் தொடக்கம் வறட்சியானது. சட்டம் படிக்கும் ஜெர்மன் மாணவர் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தேர்வை எழுதுகிறார். அதன் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை, மாநில அரசு நடத்துகிறது. ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம் நீளும் ஆறேழு எழுத்துத் தாள்கள் உண்டு. மேசையில் சட்டத் தொகுப்பைத் தவிர வேறு புத்தகம் இருக்கக் கூடாது. மதிப்பெண் பதினெட்டுக்கு. ஒன்பது வாங்கினால் ஊர் மெச்சும். பதினெட்டைத் தொட்டவரைக் கண்டவர் அரிது. அந்த ஒன்பதுதான் பெரும்பாலான இடங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கான கதவு. அதன் பிறகு நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் அலுவலகம், நிர்வாகத் துறை என்று இரண்டு ஆண்டுப் பயிற்சி, அதன் முடிவில் இரண்டாவது அரசுத் தேர்வு. கல்வித் துறையிலேயே வாழப்போகிறவரும் பெரும்பாலும் இரண்டையும் முடிக்கிறார். நாளைக்கு நீதிபதியாகும் தகுதியும் அதனால் அவர் கையில் இருக்கிறது. இது பின்னால் பயன்படும்.

தேர்வு விடைத்தாளில் இரண்டே எழுத்துச் சுருக்கம் ஒன்று அடிக்கடி வரும். தமிழில் அதை ‘மேலோங்கிய கருத்து’ எனலாம். ஒரு சட்டப் பிரிவுக்குப் பொருள் என்ன என்று கேட்டால், நீதிமன்றம் இப்படிச் சொல்கிறது, பேராசிரியர்களில் பெரும்பாலோர் இப்படிச் சொல்கிறார்கள், சிறுபான்மையினர் இப்படிச் சொல்கிறார்கள் என்று வரிசைப்படுத்தி எடைபோட வேண்டும். இந்தக் கருத்துகள் சேர்ந்து கிடக்கும் இடம் உரைநூல்கள். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் அறிந்த நமக்கு இந்த வடிவம் புதிதன்று. மூலம் ஒரு வரி இருக்கும், அதன் கீழே பதவுரையும் விளக்கமும் முந்தைய உரைகாரர் மீதான மறுப்புமாகப் பல பக்கங்கள் ஓடும். ஜெர்மன் அரசமைப்புக்கு ‘அடிப்படைச் சட்டம்’ என்று பெயர்; ‘மனித மாண்பு மீற முடியாதது’ என்று தொடங்கும் அதன் முதல் பிரிவுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான பக்கம் உரை எழுதியிருக்கிறார்கள். எந்தப் பிரிவுக்கு யார் உரை எழுதுவது என்பது அந்த வட்டாரத்தில் பதவியைப் போல மதிக்கப்படும் விஷயம். உரைகாரரின் வாக்கியத்தை நீதிமன்றங்கள் பெயர் சொல்லி ஏற்கின்றன, பெயர் சொல்லி மறுக்கின்றன.

முனைவர் பட்ட வழிகாட்டியை ஜெர்மன் மொழியில் ‘முனைவர்த் தந்தை’ என்றே அழைக்கிறார்கள். மாணவர் அவருடைய துறையிலேயே அரைச் சம்பள உதவியாளராக வேலை பார்ப்பது வழக்கம். நூல் தேடுவார், தேர்வுத் தாள் திருத்துவார், பேராசிரியரின் உரைநூலுக்கு அடிக்குறிப்பு சரிபார்ப்பார். பட்டம் பெற்றபின் உண்மையான மலையேற்றம் தொடங்குகிறது. ஹாபிலிடாட்ஸியோன் எனப்படும் இரண்டாவது பெரிய நூலை எழுத வேண்டும். அது முதல் நூலின் பொருளைத் தொடரக் கூடாது. முதலாவது ஐரோப்பியச் சட்டம் என்றால் இரண்டாவது நிதி அரசமைப்பாகவோ மத–அரசு உறவாகவோ இருக்கும். ஐந்தாறு ஆண்டு அதற்கே போய்விடும். புலத்தின் பேராசிரியர்கள் அனைவர் முன்னிலையிலும் ஓர் உரையாற்றி, அவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் நின்று பதில் சொன்ன பின்புதான் கற்பிக்கும் உரிமை வழங்கப்படும். அந்த உரிமை எழுத்தில் வரும்போது எந்தெந்தத் துறைகளுக்கு என்று குறிப்பிட்டிருக்கும். ‘பொதுச் சட்டம், ஐரோப்பியச் சட்டம், ஒப்பீட்டுச் சட்டம்’ என்ற மூன்று சொல்லைத் தன் பெயருக்கு நேரே காண்பதற்காகவே ஒருவர் வாழ்க்கையின் முப்பதுகள் முழுவதையும் கொடுத்திருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை கிடையாது. அவர் பிரிவாட்டோட்சென்ட் என்ற பட்டத்தோடு காத்திருக்கிறார். அந்தப் பட்டத்தைத் தக்கவைக்க, பல நேரம் ஊதியமே இல்லாமல், பருவந்தோறும் பாடம் எடுக்க வேண்டும். தன்னை வளர்த்த பல்கலைக்கழகம் தன்னைப் பேராசிரியராக அழைப்பதும் வழக்கத்தில் இல்லை. சொந்த வீட்டில் பெண் எடுக்காத மரபு போல வெளியிலிருந்துதான் அழைப்பு வர வேண்டும். அந்த அழைப்பை ‘ரூஃப்’ என்கிறார்கள், பொருளும் அதுவே. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றாலோ வேறிடம் போனாலோதான் நாற்காலி காலியாகும். 2002இல் கொண்டுவந்த இளநிலைப் பேராசிரியர் பதவி இந்தப் பாதையைக் குறுக்குவதற்கான முயற்சி. சட்டப் புலங்கள் அதை மனமார ஏற்றன என்று சொல்ல மாட்டேன்; அங்கே இரண்டாவது நூலின் பிடி இன்னும் தளரவில்லை.

2007ஆம் ஆண்டின் கல்வித் துறை ஒப்பந்த வேலைச் சட்டம் இன்னொரு கத்தியைத் தொங்கவிட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு வரை தற்காலிக ஒப்பந்தம்; அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து அமைச்சகம் வெளியிட்ட ஒரு படத்தில் ஹன்னா என்ற கற்பனை ஆய்வாளர் வந்தார். 2021 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் ‘நான்தான் ஹன்னா’ என்று எழுதித் தங்கள் கதைகளைச் சொன்னபோது அமைச்சகம் படத்தை எடுத்துவிட்டது. சட்டம் படித்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு: இரண்டாவது அரசுத் தேர்வு கையில் இருப்பதால் வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ போகலாம். வரலாறோ மெய்யியலோ படித்த நண்பருக்கு அந்தக் கதவு இல்லை.

நாற்காலி கிடைத்தவர் ஒரு குலத்தில் சேர்கிறார். ஜெர்மன் அரசமைப்புச் சட்ட ஆசிரியர் சங்கம் ஹைன்ரிஷ் ட்ரீப்பெலின் முயற்சியில் 1922இல் தோன்றியது. ஆஸ்திரிய, சுவிஸ் ஆசிரியர்களும் அதில் உண்டு. ஆண்டுக்கொரு முறை கூடி, குறித்த பொருளில் இருவர் உரை படிக்க, மற்றவர்கள் எழுந்து விவாதிக்க, விவாதமும் சேர்ந்து அச்சாகும். மூத்தவர் ஒருவருக்கு அறுபதோ எழுபதோ நிறைந்தால் மாணவர்களும் நண்பர்களும் கட்டுரை எழுதிப் பெருந்தொகுப்பு வெளியிடுவார்கள். நம் மணிவிழா மலர் போன்றதுதான், ஆனால் வாழ்த்துப்பா இருக்க வேண்டிய இடத்தில் அடிக்குறிப்பு இருக்கும். 1928இல் வியன்னாவில் கூடியபோது அரசமைப்பு நீதிமன்றத்தின் இயல்பைப் பற்றி ட்ரீப்பெலும் ஹான்ஸ் கெல்சனும் உரை படித்தார்கள். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று அறிவிப்பதற்கென்றே தனியொரு நீதிமன்றம் வேண்டும் என்ற கெல்சனின் எண்ணம் 1920ஆம் ஆண்டின் ஆஸ்திரிய அரசமைப்பில் ஏற்கெனவே உருப்பெற்றிருந்தது. அதன் நீதிபதியாகவும் அவரே இருந்தார், 1930 வரை.

1933இல் இந்தக் குலம் உடைந்தது. யூதப் பிறப்புக்காகக் கெல்சன் கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, ஜெனீவா, பிராக் வழியாகக் கடைசியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போய்ச் சேர்ந்தார். மியூனிக்கிலிருந்து கார்ல் லோவன்ஸ்டைன் அமெரிக்கா போனார். ஜனநாயகம் தன் பகைவரிடமிருந்து தன்னைக் காக்கப் போராட வேண்டும் என்ற கருத்தை 1937இல் அங்கிருந்து எழுதினார். கேர்ஹார்ட் லைப்ஹோல்ட்ஸ் 1935இல் கோட்டிங்கன் நாற்காலியை இழந்து, 1938இல் இங்கிலாந்துக்குத் தப்பினார். போருக்குப் பின் திரும்பி 1951 முதல் 1971 வரை கார்ல்ஸ்ரூஹேயிலுள்ள ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் ஒரு துறையாகச் செழித்ததில் இந்த அகதிகளின் பங்கு மிகப் பெரியது. பிறந்த நாட்டின் சட்டம் ஒருநாள் காலையில் செல்லாக்காசாகிவிட்டவருக்கு, புகுந்த நாட்டின் சட்டத்தோடு அதை ஒட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு.

போகாமல் இருந்தவர்களின் கதையும் உண்டு. தேயோடோர் மௌன்ஸ் நாஜி ஆட்சிக்கு ஏற்ற சட்ட விளக்கம் எழுதியவர். போருக்குப் பின் மியூனிக்கில் பேராசிரியராகி, அடிப்படைச் சட்டத்தின் மிகப் புகழ்பெற்ற உரைநூலுக்குத் தம் பெயரைக் கொடுத்து, பவேரியாவின் கல்வி அமைச்சராகவும் ஆனார். பழைய எழுத்துகள் வெளிப்பட்டதால் 1964இல் பதவி விலகினார். 1993இல் அவர் இறந்தபின், ஒரு தீவிர வலதுசாரி இதழுக்கு அவர் பல காலம் பெயர் மறைத்து எழுதிவந்தது தெரியவந்தது. அவருடைய பெயர் அந்த உரைநூலின் முகப்பிலிருந்து நீங்க 2021 வரை ஆயிற்று. ஆசிரியர் சங்கம் நாஜிக் காலத்தில் தன் துறை என்ன செய்தது என்பதை ஆண்டுக் கூட்டத்தின் பொருளாக எடுத்துக்கொண்டதும் 2000இல் லைப்சிக்கில்தான். அரை நூற்றாண்டு தாமதம் என்பதற்குச் சாக்கு எதுவும் போதாது.

கொன்ராடின் கேள்வி இந்த மண்ணிலிருந்து முளைத்தது. 1933 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு, அன்றைய ஜெர்மன் குடியரசின் வைமார் அரசமைப்பு வகுத்த திருத்த முறையைப் பின்பற்றியே, சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அரசாங்கத்துக்குக் கொடுத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருக்க, சீருடைப் படையினர் அவையைச் சூழ்ந்திருக்க நடந்த வாக்கெடுப்பு அது. ஆனாலும் காகிதத்தில் அது திருத்தமாகவே நின்றது. 1949இல் அடிப்படைச் சட்டம் எழுதியவர்கள் 79ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், மனித மாண்பையும் ஜனநாயகத்தையும் கூட்டாட்சியையும் எந்தப் பெரும்பான்மையும் தொடக் கூடாது என்று பூட்டு போட்டார்கள். பனாரஸில் பேசியவர் அந்தப் பூட்டைப் பார்த்து வளர்ந்தவர். இந்திய அரசமைப்பில் அது எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத பூட்டு பொருளில் இருக்கலாமே என்பதுதான் அவர் செய்த ஒப்பீடு.

அந்தப் பூட்டின் காவலர் கார்ல்ஸ்ரூஹே நகரின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம். 1951இல் தொடங்கிய அந்த நீதிமன்றத்தில் இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர். பன்னிரண்டு ஆண்டுப் பதவி, மறுமுறை கிடையாது. பாதிப் பேரை நாடாளுமன்றமும் பாதிப் பேரை மாநிலங்களின் அவையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தேர்கின்றன. ஒவ்வோர் அமர்விலும் குறைந்தது மூவர் கூட்டாட்சி மேல் நீதிமன்றங்களிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். எஞ்சிய இடங்களில் பேராசிரியர்கள் நிறைய. நீதிபதி வேறெந்தத் தொழிலும் செய்யக் கூடாது என்று சொல்லும் நீதிமன்றச் சட்டம், ஒரே ஒரு தொழிலுக்கு விலக்கு தருகிறது: ஜெர்மன் உயர்கல்வி நிறுவனத்தில் சட்டம் கற்பிப்பது. வாரத்தில் சில நாள் தீர்ப்பு எழுதிவிட்டு, பழைய வகுப்பறைக்குத் திரும்பிச் சட்டம் நடத்துபவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

டீட்டர் கிரிம் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பாரிஸிலும் ஹார்வர்டிலும் படித்து, பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1987 முதல் 1999 வரை நீதிபதி. 1989இல் காட்டுப் பாதையில் குதிரை ஓட்டுவதைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் ஒன்றின் மீது வழக்கு வந்தது. மனிதர் விரும்பிச் செய்யும் எதுவும் பொதுச் சுதந்திர உரிமையின் காப்புக்குள் வரும், குதிரை ஓட்டுவதும் அப்படியே, ஆனால் கட்டுப்பாடு நியாயமானது என்றது பெரும்பான்மை. கிரிம் தனித்து நின்று மாறுபட்டார். ஆளுமை வளர்ச்சிக்கு இன்றியமையாத செயல்களுக்குத்தான் அடிப்படை உரிமை. எல்லா விருப்பத்தையும் உரிமையாக்கினால் உரிமை மலிந்துவிடும் என்பது அவருடைய வாதம். பேராசிரியர் ஒருவர் நீதிபதி இருக்கையில் அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் குதிரை போதும். சின்ன வழக்கு, பெரிய கோட்பாடு.

தேசிய எல்லைக்குள் இவ்வாறு நடந்துகொண்டிருந்த தொழிலை ஐரோப்பிய ஒருங்கிணைப்பு இன்னொரு தளத்துக்கு எடுத்துப்போயிற்று. மின்சாரத்தை அரசு நாட்டுடைமை ஆக்கியதை எதிர்த்து மிலான் வழக்கறிஞர் ஃப்ளாமினியோ கோஸ்தா, 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். சொற்பத் தொகை. 1964 ஜூலை 15 அன்று லக்சம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வழக்கில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்த ஒப்பந்தத்தின் சட்டம் உறுப்பு நாட்டின் சட்டத்துக்கு மேலானது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு, ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான ஒரு வேதிப்பொருளின் சுங்க வரி மூன்று விழுக்காட்டிலிருந்து எட்டாக ஏறியதை எதிர்த்து நெதர்லாந்துப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் நேரடியாகக் குடிமக்களுக்கே உரிமை தருகிறது என்று சொல்லியிருந்தது. இரண்டையும் ஒப்பந்தத்தில் யாரும் வெளிப்படையாக எழுதி வைக்கவில்லை.

இந்த வரிகளை அரசமைப்பு என்று படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பேராசிரியர்கள். ஐரோப்பிய ஆணையத்தின் முதல் தலைவர் வால்ட்டர் ஹால்ஷ்டைனே சட்டப் பேராசிரியர். லக்சம்பர்க் நீதிபதி பியேர் பெஸ்கத்தோரே லியேஜில் கற்பித்தவர். பொஹீமியாவில் பிறந்து, 1940இல் அமெரிக்கா சேர்ந்து, மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஆசிரியரான எரிக் ஷ்டைன், ஊடகமும் அரசியலும் கவனிக்காத மூலையில் இருந்துகொண்டு இந்த நீதிமன்றம் ஒரு கூட்டாட்சி அமைப்பை எழுப்பிவிட்டது என்று 1981இல் எழுதிக் காட்டினார். ஃப்ளாரன்ஸ் அருகே ஃபியேசோலே மலைச்சரிவில் பழைய மடம் ஒன்றில் 1976 முதல் இயங்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தில், மௌரோ கப்பெல்லெத்தி ஐரோப்பாவையும் அமெரிக்கக் கூட்டாட்சியையும் சேர்த்துவைத்துப் பல பகுதிகளாக ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்தினார். ஐரோப்பியச் சட்ட அறிஞர் ஜோசப் வைலரின் தலைமுறை அங்கிருந்து எழுந்தது. எந்த நாட்டுச் சட்டத்திலும் முழுக் கால் ஊன்றாமல், மூன்று நான்கு மொழிகளில் தீர்ப்பு படித்து, ஒப்பிடுவதையே தொழிலாகக் கொள்ளும் ஆய்வாளர் என்ற வகை அங்கேதான் முழுமையாக உருவானது. அத்தகையவருக்கு ஜெர்மன் நாற்காலி கிடைப்பது இன்றும் எளிதன்று. சொந்த நாட்டின் அரசுத் தேர்வுக்கு மாணவரைத் தயார்செய்யும் ஆசிரியரையே புலங்கள் முதலில் தேடுகின்றன.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆணையத்தின் சட்டப் பிரிவில் பணிபுரிபவரும், நீதிமன்றத்தில் அமர்பவரும், தீர்ப்புக்கு விளக்கம் எழுதி இதழ் நடத்துபவரும், அடுத்த வழக்கில் வாதாடுபவரும் பல நேரம் ஒரே சிறு வட்டத்தினர். ஆணையத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் மிஷெல் கோதே இத்தகைய கல்வியாளர் வலைப்பின்னலைத் திட்டமிட்டே ஊக்குவித்தார் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தன் தீர்ப்பைத் தானே பாராட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது என்ற குற்றச்சாட்டை முழுமையாகத் தள்ளிவிட முடியாது.

ஜெர்மனியிலிருந்து வந்த எதிர்ப்பும் பேராசிரியர்களின் கைவண்ணமே. ஐரோப்பாவில் அடிப்படை உரிமைகளுக்குப் போதிய காப்பு இல்லாத ‘வரையில்’ நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று கார்ல்ஸ்ரூஹே 1974இல் சொன்னது. காப்பு இருக்கும் ‘வரையில்’ தலையிட மாட்டோம் என்று 1986இல் திருப்பிச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தை அமைத்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பற்றி 1993 அக்டோபரில் வந்த தீர்ப்பை வரைந்த நீதிபதி பவுல் கிர்ஷ்ஹோஃப் ஹைடல்பெர்க் பேராசிரியர். கூட்டாட்சியும் அல்லாத, நாடுகளின் வெறும் கூட்டமைப்பும் அல்லாத ஐரோப்பாவுக்கு அவர் உருவாக்கிய புதுச் சொல் தீர்ப்பில் ஏறி நின்றது. ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தம் பற்றிய 2009 ஜூன் 30 தீர்ப்பை வரைந்த ஊடோ டி ஃபாபியோவும், ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதல் பற்றி 2020 மே 5 அன்று லக்சம்பர்கின் தீர்ப்பையே ஏற்க மறுத்த வழக்கை வரைந்த பேட்டர் ஹூபரும் பேராசிரியர்கள். வழக்குத் தொடுத்தவர்களுக்காக வந்தவர்களும் அப்படியே: 1993இல் கார்ல் ஆல்பிரெக்ட் ஷாக்ட்ஷ்னைடர், 2009இல் டீட்ரிஷ் முர்ஸ்வீக். எதிர்த்தரப்பு மேசையிலும் பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பு வந்ததும் அதைக் கிழித்தவர்களும் காத்தவர்களும்கூட அதே சங்கத்தின் உறுப்பினர்களே. 1949இல் இன்னொரு ஹிட்லரைத் தடுக்கப் போட்ட 79ஆவது பிரிவின் பூட்டு, லிஸ்பன் தீர்ப்பில் பிரஸ்ஸல்ஸ் நோக்கிய சுவராக மாறியதை இவர்களில் பலர் மன்னிக்கவில்லை.

இந்தச் சண்டையில் கிரிமின் நிலை தனித்துவமானது, எனக்கு மிகத் தெளிவாகப் படுவதும் அதுவே. ஒரு நாட்டில் சாதாரணச் சட்டமாக இருக்க வேண்டிய விஷயங்கள், போட்டி விதியும் மானிய விதியும் உட்பட, ஐரோப்பாவில் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஒப்பந்தத்தையே அரசமைப்பாக்கிவிட்டால், நீதிமன்றம் தரும் பொருளை எந்தத் தேர்தலும் மாற்ற முடியாது. மாற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாகக் கையெழுத்திட வேண்டும். ஐரோப்பாவில் அதிகாரம் யார் கையிலிருந்து நழுவியது என்ற கேள்விக்கு, நான் படித்தவற்றில் இதைவிட நேரான விடை இல்லை.

எழுதியது திரும்பி வந்து கதவை அடைப்பதும் உண்டு. 2008இல் வூர்ட்ஸ்பர்க் பேராசிரியர் ஹோர்ஸ்ட் டிரையர் கார்ல்ஸ்ரூஹேக்கு முன்மொழியப்பட்டார். முதல் பிரிவுக்கு அவர் எழுதிய உரையில், இரண்டு பேரின் மாண்பைக் காக்கும் கடமைகள் ஒன்றோடொன்று மோதினால் சித்திரவதைத் தடைக்கு என்ன ஆகும் என்று எழுப்பியிருந்த கேள்வியும், குருத்தணு ஆய்வு பற்றிய அவருடைய கருத்தும் அவரை வீழ்த்தின. அவருடைய இடத்துக்கு வந்தவர் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியாஸ் ஃபோஸ்குலே. பின்னர் நீதிமன்றத் தலைவரும் ஆனார். 2025 ஜூலை 11 அன்று பொட்ஸ்டாம் பேராசிரியர் ஃப்ராவுக்கே ப்ரோசியுஸ்–கேர்ஸ்டோர்ஃபைத் தேர்வதற்கான வாக்கெடுப்பு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. கருக்கலைப்பு பற்றியும் மாண்புரிமை எப்போது தொடங்குகிறது என்பது பற்றியும் அவர் எழுதியவை ஆளுங்கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பைக் கிளப்பியிருந்தன. ஆகஸ்டில் அவரே விலகிக்கொண்டார். ஒரு கேள்வியின் எல்லாப் பக்கத்தையும் எழுதிப் பார்ப்பது உரைகாரரின் வேலை. அரசியல்வாதி அதிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் அதற்கு உரைகாரரிடம் மறுமொழி இல்லை. தம் பெயர் நாளை பட்டியலில் வரலாம் என்று நினைக்கும் இளம் ஆய்வாளர் முதல் பிரிவை விட்டுவிட்டு வரிச் சட்டம் பக்கம் ஒதுங்கினால் வியப்பில்லை.

கடல் தாண்டிப் போகும் கோட்பாடு எங்கே எப்படி இறங்கும் என்பது எழுதியவர் கையில் இல்லை. வெற்றி பெற்ற புரட்சி புதிய சட்ட ஒழுங்கின் ஊற்றாகிறது என்ற கெல்சனின் கோட்பாட்டைப் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 1958இல் ராணுவ ஆட்சிக்குச் சட்ட முத்திரை குத்தப் பயன்படுத்தியது. 1972இல் அதே நீதிமன்றம் அதைக் கைவிட்டது. சர்வாதிகாரத்தால் நாடு நாடாக அலைந்தவரின் எழுத்துக்கு அப்படியொரு பயன்! 1973 ஏப்ரல் 19 அன்று கெல்சன் கலிஃபோர்னியாவில் இறந்தார். ஐந்து நாள் கழித்து டெல்லியில் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது.

கொன்ராடின் வாதம் டெல்லியிலிருந்து தெற்கே இறங்கிக் கொழும்புக்கும் போயிற்று. 1987இல் இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன்பு பதின்மூன்றாவது திருத்தம் வந்தது. மாகாண சபைகளை அமைத்து, தமிழர் பகுதிகளுக்கும் ஓரளவு அதிகாரம் கொடுக்கும் திருத்தம் அது. ஒற்றையாட்சி இலங்கை அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு, அதை இந்தத் திருத்தம் உடைக்கிறது என்று வாதிட்டவர்கள் இந்தியத் தீர்ப்புகளை எடுத்து வைத்தார்கள். டெல்லியில் கூட்டாட்சிக்கு அரணாக எண்ணப்படும் கோட்பாடு, கொழும்பில் அதிகாரப் பகிர்வைத் தடுக்கும் ஆயுதமாக நீட்டப்பட்டது. தலைமை நீதியரசர் சர்வானந்தா உள்ளிட்ட பெரும்பான்மை அதைக் கையில் எடுக்க மறுத்தது: எங்கள் அரசமைப்பு எந்தப் பிரிவையும் திருத்தவும் நீக்கவும் தானே வழி சொல்லியிருக்கிறது, ஆகவே எழுதப்படாத எல்லைக்கு இங்கே இடமில்லை. பனாரஸில் கேட்ட முதல் கேள்விக்கு, அந்தக் கேள்வியிலிருந்த தமிழ்நாட்டுக்கு எதிரே பாக் நீரிணையின் மறுகரையில் கிடைத்த விடை அது.